குழந்தை வீட்டுக்கு வந்தாச்சு... காகிதம் வந்துவிட்டதா? கடல் கடந்த தத்தெடுப்பில் பெற்றோர் மறக்கக் கூடாத விஷயங்கள்

இப்படி ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

கோவையைச் சேர்ந்த தம்பதி. டல்லாஸில் பதினைந்து வருட வாசம். இருவரும் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார்கள். குழந்தைக்காக ஏறி இறங்காத மருத்துவமனை இல்லை. கடைசியில், இந்தியாவிலிருந்து மூன்று வயதுப் பெண் குழந்தையைத் தத்தெடுக்கிறார்கள். வீட்டு ஆய்வு, விண்ணப்பம், காத்திருப்பு, டெல்லிக்கும் டல்லாஸுக்கும் பறந்த காகிதங்கள் எல்லாம் முடிந்து, ஒருநாள் குழந்தையோடு விமானத்தில் வந்து இறங்குகிறார்கள். கோவையில் இருக்கும் பாட்டி வீடியோ காலில் பேத்தியைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறார். நண்பர்கள் பொம்மைகளோடு வருகிறார்கள். தடிமனான அந்த ஃபைல் அலமாரியின் மேல் தட்டுக்குப் போகிறது.

'அப்பாடா, எல்லாம் முடிந்தது' என்று பெற்றோர் நினைக்கும் இந்த இடத்தில்தான் சிக்கல் ஆரம்பிக்கக்கூடும். குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டது. ஆனால், அது வளரப்போகும் நாட்டின் பதிவேடுகளில் அந்தக் குழந்தை யார்? அந்த நாட்டுக் குடிமகளா, வெளிநாட்டவரா? இந்தப் பெற்றோரின் மகள் என்று அந்த ஊர் நீதிமன்றமும் பள்ளியும் வங்கியும் எந்தக் காகிதத்தைப் பார்த்து ஏற்றுக்கொள்ளும்?

தத்தெடுப்பு என்பது பெற்றோருக்கு ஒரே நிகழ்வு. சட்டத்துக்கு அது இரண்டு நிகழ்வுகள். குழந்தை பிறந்த நாட்டில் ஒன்று, வாழப்போகும் நாட்டில் இன்னொன்று. இரண்டாவதை மறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவிலேயே வேதனையான உதாரணங்கள் இருக்கின்றன.

அம்மா மறந்த ஒரு விண்ணப்பம்

2001-ம் ஆண்டுக்கு முன்பு, வெளிநாட்டிலிருந்து தத்தெடுக்கப்பட்டு அமெரிக்கா வந்த குழந்தைக்குக் குடியுரிமை தானாகக் கிடைக்காது. பெற்றோர் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பலருக்கு இது தெரியவில்லை. 'தத்தெடுத்துவிட்டோம், அமெரிக்கர்களின் பிள்ளை, அமெரிக்கர்தானே' என்று இருந்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளும் அமெரிக்கர்களாகவே வளர்ந்தார்கள். பாஸ்போர்ட்டுக்கோ, கல்லூரி உதவித்தொகைக்கோ, வேலைக்கோ விண்ணப்பித்தபோதுதான் உண்மை தெரியவந்தது.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் 2000-ம் ஆண்டு 'குழந்தை குடியுரிமைச் சட்டம்' கொண்டுவந்தார்கள். 2001 பிப்ரவரி 27 அன்று அது அமலுக்கு வந்தது. நிபந்தனைகள் பூர்த்தியானால், தத்துப் பிள்ளைக்குக் குடியுரிமை தானாகவே வந்துவிடும். ஆனால், அந்தத் தேதியில் 18 வயது முடிந்திருந்தவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

இந்தியாவில் பிறந்து, கைக்குழந்தையாக அமெரிக்காவுக்குத் தத்துப் போன ஒரு பெண் இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். அவர் சிறுமியாக இருந்தபோதே தத்தெடுத்த அம்மா இறந்துவிட்டார். குடியுரிமைக்கு யாரும் விண்ணப்பிக்கவில்லை. புதிய சட்டம் வந்தபோது 18 வயதைத் தாண்டி அவருக்கு ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. பின்னாளில் குற்ற வழக்கில் தண்டனை பெற்றபோது, அரசு அவரை நாடு கடத்த நடவடிக்கை எடுத்தது. 'நான் இந்த நாட்டுப் பெண்' என்ற அவரது வாதத்தை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012-ல் ஏற்கவில்லை. நினைவு தெரிந்த நாளிலிருந்து பார்த்தே இராத இந்தியாவுக்கு அனுப்பப்படும் ஆபத்தில் நின்றார் அவர்.

தென்கொரியாவிலிருந்து குழந்தையாகத் தத்தெடுக்கப்பட்ட சிலர், நடுத்தர வயதில் மொழியே தெரியாத அந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறார்கள். இவர்களுக்காக அமெரிக்க நாடாளுமன்றத்தில் பலமுறை மசோதாக்கள் கொண்டுவரப்பட்டிருக்கின்றன.

தவறு செய்தால் தண்டனை எல்லோருக்கும் உண்டு. ஆனால், வயிற்றில் பிறந்த பிள்ளை தண்டனை முடிந்து வீட்டுக்குத் திரும்பும். காகிதம் இல்லாத தத்துப் பிள்ளைக்குத் திரும்ப வீடே இருக்காது.

ஒப்பந்தம் சொல்வது என்ன?

நாடு விட்டு நாடு தத்தெடுப்பதை முறைப்படுத்த 1993-ல் உருவானது ஹேக் ஒப்பந்தம். இந்தியாவில் இது 2003-லும், அமெரிக்காவில் 2008-லும் நடைமுறைக்கு வந்தது. குழந்தைக் கடத்தலைத் தடுப்பதும், ஒரு நாட்டில் முறையாக நடந்த தத்தெடுப்பை மற்ற உறுப்பு நாடுகள் ஏற்க வைப்பதும் இதன் நோக்கங்கள்.

இந்தியாவில் இதற்குப் பொறுப்பு டெல்லியில் உள்ள 'காரா' என்ற மத்திய அரசு அமைப்பு. அமெரிக்கக் குடியுரிமை பெற்ற தம்பதி என்றால் வரிசை சுமாராக இப்படி இருக்கும்:

• அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற ஏஜென்சி வீட்டுக்கு வந்து ஆய்வு செய்யும். தத்தெடுக்கத் தகுதியானவர்கள் என்று அமெரிக்கக் குடியேற்றத் துறை ஒப்புதல் தரும். இதற்கான படிவம் ஐ-800ஏ.

• அந்த ஏஜென்சி மூலம் காராவில் பதிவு நடக்கும். குழந்தையின் விவரங்கள் வரும். பெற்றோர் சம்மதித்ததும், அந்தக் குறிப்பிட்ட குழந்தைக்காக ஐ-800 படிவம் தாக்கல் செய்து தற்காலிக ஒப்புதல் வாங்க வேண்டும்.

• காரா தடையின்மைச் சான்று தரும். பிறகு இந்தியாவில் தத்து உத்தரவு பிறப்பிக்கப்படும். முன்பு இது நீதிமன்றத்தின் வேலை. 2022 செப்டம்பர் 1 முதல் மாவட்ட ஆட்சியரே உத்தரவு தருகிறார்.

• ஒப்பந்தத்தின் 23-வது பிரிவின் கீழ் காரா ஒரு சான்று வழங்கும். 'இந்தத் தத்தெடுப்பு ஒப்பந்தப்படி முறையாக நடந்தது' என்பதற்கான அத்தாட்சி இது. பத்திரமாக வைக்க வேண்டிய காகிதங்களில் முதலிடம் இதற்குத்தான்.

• தத்துப் பெற்றோரின் பெயரோடு பிறப்புச் சான்றிதழ், குழந்தைக்கு இந்தியப் பாஸ்போர்ட், அதன்பின் அமெரிக்க விசா.

இதில் வரிசை மாறக் கூடாது. 'முதலில் இங்கே தத்தெடுத்துவிடுவோம், அமெரிக்க வேலையைப் பிறகு பார்ப்போம்' என்று அவசரப்பட்டால், இந்தியாவில் முழுக்கச் செல்லுபடியாகும் தத்தெடுப்புகூட அமெரிக்க விசாவுக்கு உதவாமல் போகலாம். இரண்டு நாடுகளுக்கு இடையில் குழந்தை மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த அவசரத்தால்தான்.

விசாவில் இருக்கும் அந்த எண்ணைப் பாருங்கள்

ஒப்பந்த நாடுகளிலிருந்து தத்து வரும் குழந்தைக்கு அமெரிக்கா இரண்டு வகை விசா தருகிறது.

ஐ.எச்-3: பிறந்த நாட்டிலேயே தத்தெடுப்பு முழுமையாக முடிந்துவிட்டது என்று அர்த்தம். 18 வயதுக்குள் இருக்கும் குழந்தை இந்த விசாவில் வந்து, குடியுரிமை உள்ள பெற்றோரோடு அமெரிக்காவில் குடியேறியதும் அமெரிக்கக் குடிமகளாகிவிடுகிறது. குடியுரிமைச் சான்றிதழையும் தனி விண்ணப்பம் இல்லாமலே தபாலில் அனுப்புகிறார்கள்.

ஐ.எச்-4: தத்தெடுப்பு அமெரிக்காவில்தான் முடியப்போகிறது என்று அர்த்தம். இந்த விசாவில் வரும் குழந்தைக்கு முதலில் கிரீன் கார்டுதான். மாநில நீதிமன்றத்தில் தத்தெடுப்பு முடிந்த பிறகே குடியுரிமை வரும். சான்றிதழ் வேண்டுமென்றால் என்-600 என்ற படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். எல்லாம் 18 வயதுக்குள் நடந்திருக்க வேண்டும்.

ஐ.எச்-3 என்றாலும் அசட்டையாக இருக்க வேண்டாம். விலாசம் மாறியதால் சான்றிதழ் வேறெங்கோ போய்ச் சேர்ந்தால், அதைத் தேடிப் பிடிக்க வேண்டியவர்கள் பெற்றோர்தான். சில மாதங்களாகியும் வரவில்லை என்றால் குடியேற்றத் துறையிடம் கேட்டே ஆக வேண்டும்.

சான்றிதழ் வந்ததும் அமெரிக்கப் பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள். அடுத்து, சமூகப் பாதுகாப்பு அலுவலகம். குடியுரிமை பதிவாவதற்கு முன்பே குழந்தைக்கு எண் வாங்கியிருந்தால், அவர்கள் கணினியில் குழந்தை இன்னும் வெளிநாட்டவராகவே இருக்கும். சான்றிதழைக் காட்டி அதை மாற்றச் சொல்ல வேண்டும்.

இந்தியா இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை. எனவே, இந்தியப் பாஸ்போர்ட்டை முறைப்படி ஒப்படைத்துவிட்டு, ஓ.சி.ஐ அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பாட்டி வீட்டுக்கு விடுமுறைக்கு வந்துபோக அது போதும்.

உள்ளூர் நீதிமன்றத்துக்கு ஏன் போக வேண்டும்?

'குடியுரிமை வந்துவிட்டது. இனி என்ன?' என்ற கேள்வி வரும். குடியுரிமை என்பது மத்திய அரசு விஷயம். பிறப்புப் பதிவு, வாரிசு உரிமை, குடும்ப வழக்குகள் போன்றவை அமெரிக்காவில் மாநிலங்களின் கையில் இருக்கின்றன. இதற்காகத்தான் 'மறு தத்தெடுப்பு' என்ற ஒரு வழி இருக்கிறது. ஏற்கெனவே தத்தெடுத்த குழந்தையை, வாழும் மாநிலத்தின் நீதிமன்றம் மூலம் மீண்டும் ஒருமுறை சட்டப்படி உங்கள் பிள்ளையாக உறுதிப்படுத்திக்கொள்வது.

மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். சில இடங்களில் புது மனு போட வேண்டும். சில இடங்களில் வெளிநாட்டு உத்தரவைப் பதிவு செய்தாலே போதும். டெக்சாஸ் குடும்பச் சட்டம் அப்படிப் பதிவு செய்ய வழி தருகிறது. நம் டல்லாஸ் தம்பதி போக வேண்டிய இடம் அதுதான்.

இதனால் கிடைக்கும் நன்மைகள் சின்னவை அல்ல.

முதலாவது, ஒரு மாநில நீதிமன்றத்தின் தீர்ப்பை மற்ற மாநிலங்கள் மதிக்க வேண்டும் என்று அமெரிக்க அரசியல் சட்டமே சொல்கிறது. வெளிநாட்டு உத்தரவுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. நாளை டல்லாஸிலிருந்து வேறு மாநிலத்துக்கு மாறினாலும், பெற்றோரில் ஒருவர் உயில் எழுதாமல் இறந்துபோனாலும், 'இந்தக் குழந்தை இவர்களுடைய பிள்ளைதானா' என்று யாரும் கேள்வி கேட்க இடமிருக்காது.

இரண்டாவது, மாநில அரசின் பிறப்புச் சான்று. பெரும்பாலான மாநிலங்கள், நீதிமன்ற உத்தரவை வைத்து வெளிநாட்டில் பிறந்த தத்துப் பிள்ளைகளுக்கும் சான்று தருகின்றன. அது தொலைந்தால் மறுபிரதி வாங்குவது சுலபம். இந்தியாவில் ஏதோ ஒரு நகராட்சியில் பதிவான சான்றிதழுக்கு, இருபது வருடம் கழித்து டல்லாஸிலிருந்து அலைவதை நினைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். இந்த மாநிலச் சான்று குடியுரிமைக்கு அத்தாட்சி ஆகாது. குடியுரிமைச் சான்றிதழ் வேறு, இது வேறு.

மூன்றாவது, பெயர். நம் ஊர் இனிஷியல் வழக்கம் அமெரிக்கப் படிவங்களில் படுத்தும் பாடு எல்லோருக்கும் தெரிந்ததே. காப்பகத்தில் வைத்த பெயர் ஒன்று, உத்தரவில் ஒன்று, பாஸ்போர்ட்டில் இன்னொன்று என்று இருந்தால், நீதிமன்றத்துக்குப் போகும்போதே பெயரையும் எழுத்துகளையும் சரிசெய்ய முடியுமா என்று கேளுங்கள். கைவிடப்பட்ட நிலையில் கிடைத்த குழந்தைகளுக்கு மருத்துவர் உத்தேசமாகக் கணித்த வயதுதான் பிறந்த தேதியாகப் பதிவாகியிருக்கும். அதில் பெரிய வித்தியாசம் தெரிந்தால், அதைப் பற்றியும் வழக்கறிஞரிடம் பேசலாம்.

அக்கா குழந்தை... தங்கை வீட்டில்!

'தெரியாத குழந்தை எதற்கு? அக்காவுக்கு மூன்று பிள்ளைகள். கடைக்குட்டியை நீ வளர்த்துக்கோ' என்று சொல்லும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய. 1956-ம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டப்படி இதைச் செய்யலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் தத்துப் பத்திரம் பதிவு செய்துவிட்டு, 'வேலை முடிந்தது' என்று நினைப்பார்கள்.

குழந்தை இங்கேயே வளர்ந்தால் சரி. ஆனால், அந்தத் தங்கை அமெரிக்காவில் இருந்தால், பத்திரத்தை மட்டும் காட்டிக் குழந்தையை அழைத்துப்போக முடியாது. வெளிநாட்டில் வாழும் உறவினர் தத்தெடுக்க 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில் தனி வழி இருக்கிறது. இந்து தத்தெடுப்புச் சட்டப்படி தத்தெடுத்தவர்களும் காராவின் சான்று பெற 2021 செப்டம்பரில் விதிகள் வந்தன.

ஆனால், பலரும் அறியாத தடை அமெரிக்கத் தரப்பில் இருக்கிறது. பெற்ற தாய், தந்தை இருவரும் உயிரோடு இருந்தால், குழந்தையைச் சரிவரப் பராமரிக்க அவர்களால் இயலவில்லை என்று காட்ட வேண்டும். அக்காவும் மாமாவும் நல்லபடியாக வாழ்ந்துகொண்டு, பாசத்தால் மட்டுமே பிள்ளையைக் கொடுத்தால், அந்த வழியில் விசா கிடைக்காது. பத்திரம் பதிவு செய்து, குழந்தையிடம் 'இனி சித்திதான் உன் அம்மா' என்று சொல்லிவிட்ட பிறகு இது தெரியவந்தால், அந்தப் பிஞ்சு மனசு என்ன பாடுபடும்? குழந்தையிடம் பேசுவதற்கு முன் குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள்.

எச்-1பி, கிரீன் கார்டு தம்பதிகள் கவனத்துக்கு

மேலே சொன்ன ஐ.எச் விசாக்களுக்கு விண்ணப்பிக்க, அமெரிக்கக் குடியுரிமை இருக்க வேண்டும். எச்-1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்களுக்கு அந்தக் கதவு திறக்காது. அவர்களின் தத்துப் பிள்ளை சார்பு விசா பெறுவதற்கு, 16 வயதுக்குள் தத்தெடுக்கப்பட்டிருக்க வேண்டும். கூடவே, பெற்றோரின் சட்டப்படியான பொறுப்பில் இரண்டு வருடங்களும், அவர்களோடு சேர்ந்து வாழ்ந்து இரண்டு வருடங்களும் ஆகியிருக்க வேண்டும்.

நடைமுறையில் இதற்கு என்ன அர்த்தம்? பெரும்பாலும் அம்மாவோ அப்பாவோ வேலையை விட்டுவிட்டு, இந்தியாவில் குழந்தையோடு இரண்டு வருடங்கள் இருக்க வேண்டிவரும். எச்-4 விசா உடனே கிடைத்துவிடும் என்று நம்பித் தத்தெடுத்துவிட்டு, பிறகு திகைக்க வேண்டாம். இரண்டு வருடங்களுக்கு யார் இருப்பது, வேலை என்னாவது என்று முதலிலேயே உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக் குழந்தையோடு இந்தியா திரும்பினால்?

எதிர்த்திசைப் பயணமும் உண்டு. இந்தியக் குடிமக்கள் வேறொரு நாட்டுக் குழந்தையைத் தத்தெடுத்தால், அதன் நடைமுறைகளை முதலில் அந்த நாட்டின் சட்டப்படியே முடிக்க வேண்டும். ஒப்பந்த நாடு என்றால் காராவின் ஒப்புதலும் தேவை. வீட்டு ஆய்வு அறிக்கை, குழந்தையைப் பற்றிய அறிக்கை, மருத்துவ அறிக்கை ஆகியவற்றைப் பார்த்து ஒப்புதல் தருவார்கள். குழந்தையிடம் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் இருந்தால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் நுழைவு விசா வாங்க வேண்டும். உள்துறை அமைச்சகத்தின் குடியேற்ற அனுமதியும் தூதரகம் மூலமாகவே பெற வேண்டும். இவை எல்லாம் கையில் வந்த பிறகே சென்னைக்கு டிக்கெட் போடுவது நல்லது.

இன்றே அலமாரியைத் திறந்து பாருங்கள்

வெளிநாட்டில் இருக்கும் உங்கள் உறவினரோ நண்பரோ தத்தெடுத்திருந்தால், இந்தப் பட்டியலை அவர்களுக்கு அனுப்புங்கள்:

• தத்து உத்தரவு, 23-வது பிரிவுச் சான்று, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்கள் இருக்கின்றனவா?
• குழந்தையின் பெயரும் பிறந்த தேதியும் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா?
• குடியுரிமைச் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டதா? 'பாஸ்போர்ட் இருக்கே' என்று நின்றுவிடாதீர்கள். பாஸ்போர்ட் காலாவதியாகும், சான்றிதழ் ஆகாது.
• சமூகப் பாதுகாப்புப் பதிவில் குடியுரிமை மாற்றப்பட்டதா?
• வாழும் மாநிலத்தில் மறு தத்தெடுப்போ பதிவோ முடிந்ததா?
• பெற்றோரின் உயிலில் குழந்தையின் பெயரும், பாதுகாவலர் பெயரும் இருக்கின்றனவா?
• இந்தியாவுக்கு அனுப்ப வேண்டிய அறிக்கைகள் போகின்றனவா? முதல் வருடம் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, இரண்டாவது வருடம் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை குழந்தையின் நலம் பற்றிய அறிக்கையை ஏஜென்சி அனுப்ப வேண்டும்.

வீட்டில் பதினேழு வயதுப் பிள்ளை இருந்து, இதில் எதிலாவது சந்தேகம் இருந்தால், அடுத்த பிறந்தநாள் வரை காத்திருக்காதீர்கள். 18 என்பது இந்தச் சட்டத்தில் வெறும் எண் இல்லை.

தத்துப் பிள்ளையை வளர்த்தவர்களிடம், 'காகிதத்தில் என்ன இருக்கிறது, பாசம்தான் முக்கியம்' என்று யாராவது சொல்லக்கூடும். பாசம் உங்கள் வீட்டுக்குள் போதும். விமான நிலைய கவுன்ட்டரிலும், கல்லூரி அலுவலகத்திலும், நீங்கள் இல்லாத ஒரு நாளில் நீதிமன்றத்திலும், உங்கள் மகளுக்காகப் பேசப்போவது அந்தக் காகிதம்தான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. தத்துப் பிள்ளைகள் 18 வயதுக்குப் பிறகு தங்கள் வேரைத் தேட இந்திய விதிகள் இடம் தருகின்றன. அந்தத் தேடல் தொடங்குவதும் அதே ஃபைலிலிருந்துதான். அவள் எந்த ஊரில் கிடைத்தாள், எந்தக் காப்பகத்தில் இருந்தாள், எந்தத் தேதியில் உங்கள் மகளானாள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கின்றன. எல்லாக் காகிதங்களையும் முடித்து, அடுக்கி, ஒருநாள் அவள் கையில் கொடுங்கள். அந்த ஃபைல் அவளுடையது.